நிற்கக் கூடாத சுவர்

மனித குலம் இதுவரை எழுப்பிய சுவர்களிலேயே தலைசிறந்தது எது என்று யாராவது கேட்டால், கோட்டை, அணை என்று சொல்லி அவர்களை அலைக்கழிக்க வேண்டாம். நேராக எங்கள் மையத்தின் பின்பக்கக் கொட்டகைக்கு அனுப்பி வையுங்கள். நான்கு அடி நீளம், மூன்று அடி உயரம், அறுபத்து நான்கு செங்கல். காலை ஒன்பது மணிக்கு அந்தச் சுவர் பிறக்கும். பத்து மணிக்கு இறக்கும். பத்தேகாலுக்கு மறுபடியும் பிறக்கும். ஒரு நாளைக்கு ஆறு பிறவி. எந்தக் கோட்டைக்கு இந்தப் பேறு வாய்த்தது?

எங்கள் நிறுவனத்தின் பெயர் 'அயல்நாட்டுக் கட்டுமானத் திறன் பற்றாக்குறை நிவர்த்தி மற்றும் தகுதிச் சான்றளிப்பு மையம்'. பெயர்ப்பலகையில் இடம் போதாமல் 'சான்றளிப்பு மையம்' மட்டும் பக்கத்துக் குடைக் கடையின் நெற்றியில் தொடர்கிறது. பழுதான குடையோடு வந்து எங்களிடம் சான்றிதழ் கேட்டவர்கள் உண்டு. சிலருக்குக் கொடுத்தும் இருக்கிறோம்.

அங்கே நான் 'நேரக் கண்காணிப்பு மற்றும் பதிவேட்டு அலுவலர்'. அதாவது விசில் ஊதுகிறவள். ஆரம்பத்துக்கு ஒரு விசில், முடிவுக்கு ஒரு விசில். நடுவிலிருக்கும் ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். பார்த்ததைப் பதிவேட்டில் எழுதுவேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்ததாக இயக்குநர் சொல்வார். அந்த முத்துகளைக் கோத்து நான் என்ன எழுதுகிறேன் என்று அவர் கேட்டதில்லை. வெகுநாள் வரை நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

மையம் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

கடலுக்கு அப்பால் ஒரு நாடு. அங்கே எல்லாம் இருக்கிறது, கொத்தனார் மட்டும் இல்லை. ஆறு மாடியில் ஓர் ஆஸ்பத்திரி தூணும் தளமுமாக நிற்கிறது. உள்ளே அறை பிரிக்கும் சுவர் ஒன்றுகூட இல்லை. அப்படியே திறந்தால், பிரசவ வார்டில் படுத்திருப்பவள் தலையைத் திருப்பினால் பல் பிடுங்குவதைப் பார்க்கலாம். அந்த ஆஸ்பத்திரியைக் கட்டும் கம்பெனி எங்களிடம் முந்நூறு கொத்தனார்களைக் கேட்டது. பதினோரு மாதத்தில்.

இயக்குநர் கூட்டம் கூட்டினார். அவர் இல்லாமல் மூன்று பேர் வந்திருந்தோம்: நான், பியூன், இயக்குநரின் மச்சான்.

"முந்நூறு பேருக்கு எங்க சார் போறது?" என்று கேட்டேன். "ஊர் முழுக்கச் சலிச்சாலும் நாப்பது கொத்தனார் தேற மாட்டாங்களே."

இயக்குநர் என்னைப் பரிவோடு பார்த்தார். "அவங்க கேட்டது கொத்தனார் இல்லம்மா. தகுதிச் சான்றிதழ் பெற்ற கொத்தனார். கொத்தனாருக்குத்தான் பஞ்சம். சான்றிதழ் நம்ம கைல இருக்குல்ல?"

பற்றாக்குறை அந்தக் கணமே பாதி தீர்ந்துவிட்டது. மீதிப் பாதியை மச்சான் தீர்த்தார். எதிர்த் தெருவில் 'சுவர் பயிற்சி வகுப்பு' ஒன்றைத் தொடங்கினார்.

தேர்வுச் சுவருக்குச் சிமென்ட் கிடையாது. மணலும் களிமண்ணும்தான். முதல் நாள் பியூன் அறியாமையால் கேட்டுவிட்டார்.

"சார், சிமென்ட் போட வேணாமா?"

"போட்டா என்ன ஆகும்?"

"சுவர் நிக்கும் சார்."

"நின்னுட்டா அடுத்த ஆள் எங்கய்யா கட்டுவான்?"

நிற்காமலிருப்பதே எங்கள் சுவரின் இலட்சணம் என்று அன்றைக்கு முடிவானது. மதிப்பெண் பட்டியலும் அதற்கேற்ப அமைந்தது. தலைக்கவசம் அணிந்ததற்கு இருபது. கையுறைக்குப் பத்து. நேரத்துக்கு முப்பது. முன்பக்கத் தோற்றத்துக்கு இருபது. கேமராவைப் பார்த்துத் தன்னம்பிக்கையோடு புன்னகைத்ததற்குப் பத்து. மீதிப் பத்து 'சொத்தை மீள ஒப்படைத்தல்' என்ற கட்டாயப் பிரிவுக்கு. தேர்வு எழுதியவரே தன் சுவரை ஒரே தள்ளில் சாய்த்து, செங்கல்லைத் துடைத்து, அடுத்தவருக்காக அடுக்கி வைக்க வேண்டும். இந்தப் பத்தை இதுவரை யாரும் இழந்ததில்லை. சில சுவர்கள் தள்ளுவதற்கு முன்பே பணிவோடு உட்கார்ந்துவிடும். அவற்றைக் கட்டியவர்களுக்கும் பத்துக்குப் பத்து.

திறமை எங்கெங்கே ஒளிந்திருந்தது என்பதை அப்போதுதான் கண்டோம். முடிதிருத்துபவர் தேறினார். போட்டோ ஸ்டூடியோக்காரர் தேறினார், புன்னகையில் முழு மதிப்பெண். பாட்டு வாத்தியார் தாளம் தப்பாமல் கல் வைத்தார். எங்கள் தெருத் தையல்காரர் நாற்பத்தொன்பது நிமிடத்தில் முடித்து மையத்தின் சாதனையாளரானார். கற்களுக்கிடையே அவர் விட்ட சந்துகள் தையல் போட்டதுபோல் ஒரே சீராக இருந்தன. முடி வெட்ட ஆளில்லாமல், ரவிக்கை தைக்க ஆளில்லாமல் தெருவே தவித்தது. ஆனால் கடலுக்கு அப்பால் பற்றாக்குறை குறைந்துகொண்டே வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். கேட்டதைவிடப் பன்னிரண்டு கூடுதல். அத்தனை பேருக்கும் விசில் ஊதியவள் நான்.

தேறாதவரும் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு முழுமையாகாது. அவர் என் கணவர்.

ஊரில் எல்லோரும் அவரை மேஸ்திரி என்பார்கள். இருபத்தெட்டு வருடமாகக் கொத்து வேலை. இரண்டு பள்ளிக்கூடம், ஒரு பஸ் நிலையம், எண்ண முடியாத வீடுகள். நாங்கள் எங்கேயாவது நடந்து போனால் திடீரென்று நின்று, ஏதோ ஒரு சுவரை உள்ளங்கையால் தட்டிவிட்டு வருவார். தெரிந்தவரைப் பார்த்துத் தலையாட்டுவதுபோல.

தேர்வில் ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதலாவதில் அவர் செய்த காரியம், செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டது.

"என்ன மேஸ்திரி பண்றீங்க?" என்று இயக்குநர் பதறினார்.

"காஞ்ச கல்லுங்க. அப்படியே வச்சா கலவைல இருக்கிற தண்ணிய உறிஞ்சிக்கும். ஒட்டாது."

"ஒட்ட வேணாம் மேஸ்திரி!"

"ஒட்டாம எப்படிங்க சுவரு?"

அவர் முதல் கல்லை வைக்கும்போது நான் கடைசி விசில் ஊத நான்கு நிமிடம் பாக்கி.

இரண்டாம் வாய்ப்பில் ஊறப்போடவில்லை. சத்தியம் வாங்கியிருந்தேன். ஆனால் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டார். கொட்டகைத் தரை ஒருபுறம் சரிந்திருந்தது. ஐம்பது நிமிடம் தரையைச் சரிசெய்தார். கொட்டகைத் தரை இன்றைக்குப் பளிங்குபோல் மட்டமாக இருப்பது அந்தத் தோல்வியின் புண்ணியம்.

இனி ஒரு வாய்ப்புத்தான். அதிலும் தவறினால் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'கொத்தனார் அல்ல' என்று எழுதி, நகலை எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும் அனுப்ப வேண்டும். உள்ளூர்க்காரர்களும் இப்போது எங்கள் சான்றிதழைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். "உங்க கைவேலை தெரியாதா மேஸ்திரி? ஆனா காகிதம் இல்லாம ஆள் வச்சா எங்கள நோண்டுவாங்க. அத மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க" என்று, அவர் கட்டிய வீட்டு வாசலிலேயே நின்று அவரிடம் சொன்னார்கள்.

எட்டு மாதமாக அவர் வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் டப்பாக்கள் நூல் பிடித்த வரிசையில் நின்றன. துணி காயப்போடும் கொடி மட்டமாக இருந்தது. ஒருநாள் நான் தோசைக்கரண்டியைக் கேட்டால், அதால் ஜன்னல் விளிம்பைப் பூசிக்கொண்டிருந்தார்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் தோற்றுவிட்டு வந்த இரண்டு நாளும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. கடல் தாண்டிப் போகமாட்டார், சாயங்காலம் வீடு திரும்பினால் இருப்பார் என்ற நிம்மதி. அடுத்த கணமே, அவர் கைகள் மடிமேல் சும்மா கிடப்பதைப் பார்த்ததும் அந்த நிம்மதி எனக்கே அருவருப்பாக இருந்தது. நான் பதிவேட்டு அலுவலர். ஆனாலும் இவை இரண்டையும் எந்தப் பத்தியிலும் பதியவில்லை.

மூன்றாவது வாய்ப்புக்குத் தையல்காரரிடம் போய் நின்றேன். அவர் விமானம் ஏற இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"அக்கா, நானா மேஸ்திரி அண்ணனுக்குச் சுவர் கட்டச் சொல்லித் தர்றது?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் எங்கள் கொல்லைப்புறத்தில் கையுறையோடு வந்து நின்றார்.

"அண்ணே, முதல்ல மூஞ்சிய சிரிச்ச மாதிரி வச்சுக்குங்க."

"எதுக்குப்பா? செங்கல்லுக்கா?"

"கேமராவுக்கு. பத்து மார்க்கு. ம், இப்ப கல்ல எடுங்க. பாக்கக் கூடாது. எடுத்தமா, வச்சமான்னு இருக்கணும்."

"ஓரம் உடைஞ்சிருக்கே இது."

"உடைஞ்ச பக்கத்தப் பின்னால திருப்புங்க. கேமரா முன்னாலதான் இருக்கு. ஐயோ, தட்டிப் பாக்காதீங்கண்ணே! தட்டித் தட்டியே பன்னெண்டு நிமிஷம் போச்சு."

"கை கேக்க மாட்டேங்குதுப்பா."

"ஏங்க, கொஞ்சம் மோசமாத்தான் வையுங்களேன்" என்றேன் நான்.

"இரு, பழகணும்ல" என்றார்.

இருபத்தெட்டு வருடம் நன்றாகக் கட்டியவர், ஒரு வாரத்தில் மோசமாகக் கட்டப் படித்தார். வேகம் வந்தது. ஐந்தாம் நாள் ஐம்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தார். சுவர் தானாகவே விழுந்தது. தையல்காரர் கைதட்டினார். என் கணவர் விழுந்த செங்கல்களைப் பார்த்தபடி முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு நின்றார்.

அன்று கிளம்பும்போது தையல்காரர் அவரைத் தனியாக மாமரத்தடிக்கு அழைத்துப் போனார். சத்தம் குறைத்துத்தான் கேட்டார். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க. அங்க நெஜ சிமென்ட் குடுப்பாங்களாம். அதுல தண்ணி எவ்வளவு ஊத்தணும்?"

என் கணவர் உட்கார்ந்து, ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். தையல்காரர் ஊரைவிட்டுக் கிளம்பும் நாள்வரை தினமும் இரண்டு மணி நேரம் அந்த வகுப்பு நடந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் கொஞ்சமாவது கொத்து வேலை கற்றுக்கொண்டு விமானம் ஏறியவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது தேர்வு நாளில் கடலுக்கு அப்பாலிருந்து கம்பெனியின் ஆய்வாளர் வந்திருந்தார். இங்கே பிறந்து இருபது வருடம் முன்னால் அங்கே போனவர். பேச்சு மாறவில்லை. முகம்தான் தூக்கம் கெட்டவர் முகமாக இருந்தது. இயக்குநர் அவருக்கு என் நாற்காலியைக் கொடுத்தார். நான் நின்றுகொண்டே விசில் ஊதினேன்.

என் கணவர் செருப்பைக் கழற்றினார். களிமண்ணைக் காலால் மிதித்துக் குழைத்தார். மற்றவர்கள் மண்வெட்டியால் இரண்டு புரட்டு புரட்டிவிட்டு விடுவார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆனால் அதற்கு ஆறே நிமிடம்தான் எடுத்துக்கொண்டார். பிறகு கைகள் பறந்தன. தலைக்கவசம், கையுறை, கேமராவைப் பார்த்து அந்தக் கொடூரமான புன்னகை. நடுநடுவே சுவருக்குப் பின்பக்கம் போய்க் குனிந்து ஏதோ செய்துவிட்டு வந்தார். கால் வலிக்கிறது போலும் என்று நினைத்தேன். ஐம்பத்தேழாவது நிமிடம் கரண்டியைக் கீழே வைத்தார்.

முடிவு விசிலை ஊதினேன்.

"பிரமாதம்!" என்றார் இயக்குநர். "தொண்ணூறுக்கு எண்பத்தாறு! எங்க மையத்தின் சொந்த மேஸ்திரி சார் இவர். ம், தள்ளிடுங்க மேஸ்திரி."

என் கணவர் சுவரில் கை வைத்துத் தள்ளினார்.

சுவர் நின்றது.

"நல்லாத் தள்ளுங்க."

"நல்லாத்தாங்க தள்றேன்."

பியூன் வந்தார். தோளைக் கொடுத்தார். சுவர் நின்றது. மச்சான் வந்தார். "ஏலேலோ" சொல்லிக்கொண்டு இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். இயக்குநர் கோட்டைக் கழற்றிவிட்டு மூன்றாவது ஆளாக முதுகை முட்டுக்கொடுத்தார். மையத்தின் ஒட்டுமொத்த நிர்வாகமும் மூன்றடி உயரச் சுவரின்மேல் சாய்ந்து மூச்சு வாங்கியது. வெளியே அடுத்த தேர்வாளரான சாவிக் கடைக்காரர் தலைக்கவசத்தோடு காத்திருந்தார்.

ஆய்வாளர் எழுந்து சுவருக்குப் பின்னால் போனார். நானும் எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் உடைந்த செங்கல் துண்டுகளால் முட்டு கட்டியிருந்தது. பதினோரு மாதமாகச் சரிந்த சுவர்களிலிருந்து தெறித்து, கொட்டகை மூலையில் குவிந்து கிடந்த துண்டுகள்.

"இது என்னங்க?" என்றார் ஆய்வாளர்.

"முட்டுங்க. அரைக்கல் அகலச் சுவரு, தனியா நிக்காது. பின்னால கேமரா இல்லன்னு சொன்னாங்க, அதனால மார்க்கு கொறையாதுன்னு..." என் கணவர் தலையைச் சொறிந்தார். "ஒடஞ்ச கல்லுதாங்க. கணக்குல உள்ள அறுபத்தி நாலத் தொடல."

"இடிக்கப் போற சுவருக்கு எதுக்கு முட்டு?"

"சுவருன்னு இருந்தா யாராவது சாய்வாங்கல்ல?"

ஆய்வாளர் திரும்பவும் முன்பக்கம் வந்தார். சுவரின்மேல் ஒருமுறை சாய்ந்து பார்த்தார்.

இயக்குநர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தார். மற்றப் பிரிவுகளில் எவ்வளவு வாங்கினாலும், சொத்தை மீள ஒப்படைக்காதவர் தேறாதவரே. "எனக்கு வேற வழியில்லம்மா, நீங்களே எழுதிடுங்க" என்றார் என்னிடம்.

எழுதினேன். 'கொத்தனார் அல்லர்.' விதிமுறைப்படி 'அல்ல' என்றுதான் எழுத வேண்டும். நான் மரியாதை விகுதி சேர்த்தேன். ஒரு மனைவியாக என்னால் ஆனது அவ்வளவுதான்.

அன்று மதியமே உண்மை வெளியே வந்தது. ஆய்வாளர் கடல் தாண்டி வந்தது விருந்துக்காக இல்லை. ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் ஒரு வார்டுச் சுவர் சாய்ந்திருந்தது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அமைச்சர்கள் வருகிறார்கள். காப்பீட்டுக்காரர்கள் ஒரு காகிதம் கேட்கிறார்கள்: சுவர்களைக் கட்டிய முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் உண்மையான கொத்தனார்களே என்றும், அந்தச் சாய்வு தொழில் வழக்கப்படி ஏற்கத்தக்கதே என்றும், சான்றிதழ் பெற்ற 'முதுநிலைக் கொத்தனார்' ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

எங்களிடம் முதுநிலைக் கொத்தனார் யாரும் இல்லை. எனவே இயக்குநர் சான்றிதழை அச்சடித்தார். பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு, அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் ஆய்வாளர், கையில் அந்தக் காகிதத்தோடு.

"மேஸ்திரி," என்றார் இயக்குநர், எங்கள் வீட்டு ஒரே நாற்காலியில் உட்கார்ந்து. "காலைல நடந்தத மறந்துடுங்க. மூணாவது வாய்ப்பே நடக்கலன்னு வச்சுக்குவோம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. நீங்க வெறும் கொத்தனார் இல்ல, முதுநிலை."

என் கணவர் காகிதத்தை வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

"எவ்வளவு சாஞ்சிருக்குங்க?"

"ரெண்டு விரக்கடை" என்றார் ஆய்வாளர்.

"எந்தப் பக்கம்?"

"கட்டில் போடற பக்கம்."

"அப்ப அத இறக்கிட்டுக் கட்டணும். வேற வழியே இல்ல. நான் வேணா வரேன். நாலு நாள்ல முடிச்சுத் தரேன்."

ஆய்வாளர் ஆர்வமாக நிமிர்ந்தார். இயக்குநர் கையமர்த்தினார். "எப்படி மேஸ்திரி? நீங்கதான் கொத்தனார் இல்லையே. பதிவேட்டுல ஏறிடுச்சே."

"கையெழுத்துப் போட்டா?"

"போட்டா கொத்தனார்."

"போட்டப்புறம்தான் கொத்தனார்னா, போடும்போது நான் யாருங்க?"

இயக்குநர் இந்தக் கேள்விக்கு விதிமுறைப் புத்தகத்தில் இடமில்லை என்பதுபோல் கூரையைப் பார்த்தார்.

"சுவரு சரின்னு எழுதினாத்தான் அந்தச் சுவரத் தொட விடுவீங்க. சரின்னு எழுதிட்டா அதத் தொட வேண்டியதே இல்ல" என்றார் என் கணவர். காகிதத்தை நான்காக மடிக்காமல், கசக்காமல், வந்தபடியே திருப்பிக் கொடுத்தார். "நான் கொத்தனார் இல்லாமயே இருந்துட்டுப் போறேங்க."

இயக்குநர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்கதான் முந்நூத்திப் பன்னெண்டு பேரும் கட்டினதப் பாத்தவங்க. ஆளுக்கு ஒரு மணி நேரம். முந்நூத்திப் பன்னெண்டு மணி நேரக் கொத்துவேலை அனுபவம். இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு?"

சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை. நான் நினைத்ததெல்லாம் இதுதான்: இதில் கையெழுத்துப் போடாவிட்டால், பதினோரு மாதமாக நான் எழுதியதெல்லாம் என்ன? முத்து முத்தாக முந்நூற்றுப் பன்னிரண்டு பொய். போட்டுவிட்டால் அத்தனையும் மறுபடி உண்மையாகிவிடும். தவிர, மூன்றாவது வாய்ப்பை அடித்துவிடுவதாக இயக்குநர் சொல்கிறார். என் கணவர் பெயருக்கு எதிரே நான் எழுதியது மறைந்துவிடும். அவருக்காகத்தான் போடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நான் நம்புவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஐம்பத்தேழு நிமிடமெல்லாம் இல்லை, பேனாவின் மூடியைத் திறக்கும் நேரம்தான்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபத்தோடு போட்டிருப்பேன். சொல்லாததால் வருத்தத்தோடு போட்டேன். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும்.

அதன்பின் எல்லாம் சிறப்பாக நடந்தது. முதுநிலைக் கொத்தனார் சான்றிதழ் அச்சாகிவிட்டதால் வீணாக்க முடியாது என்று அதில் என் பெயரையே எழுதினார்கள். நானேதான் எழுதினேன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். மூன்றாவது வாய்ப்பு நடக்கவே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சுவர் மட்டும் கொட்டகையில் நின்றுகொண்டே இருந்ததால், அது நடந்தது என்பதற்குச் சாட்சி மிஞ்சியது. எனவே இயக்குநர் நடுவழி ஒன்று கண்டார். முதுநிலைக் கொத்தனாரின் 'கையாள்' என்று என் கணவருக்கு ஓர் அட்டை. இனி அவர் ஊரில் எந்த வேலைக்கும் சட்டப்படி போகலாம், எனக்குக் கீழே. பாராட்டுக் கூட்டத்தில் எனக்கு மாலை போட்டு, "கரண்டியைத் தொடாமலே இந்தத் தொழிலின் உச்சத்தைத் தொட்ட பெண்மணி" என்று இயக்குநர் பேசினார். பியூன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு கணம் உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடலுக்கு அப்பால் ஆஸ்பத்திரி குறித்த தேதியில் திறக்கப்பட்டது. அன்றே எல்லாக் கட்டிலும் நிறைந்துவிட்டதாம். ஆய்வாளர் நான்காம் மாடி வார்டைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்பினார். கீழே ஒரு வரியும் எழுதவில்லை. இளநீல வண்ணம் பூசிய சுவர். அதை ஒட்டி வெள்ளை விரிப்போடு ஐந்து கட்டில்கள். ஐந்திலும் ஆட்கள்.

வீட்டுக்கு வந்ததும் போனை அவரிடம் நீட்டினேன். "பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தச் சுவர் செங்குத்தாகும் வரை போனை மெல்லச் சாய்த்தார். சுவர் நேரானபோது கட்டில்கள் அத்தனையும் சரிந்திருந்தன. சுவர் மிக அதிகம் சாய்ந்த இடத்தில், மூன்றாவது கட்டிலின் தலைமாட்டில், ஒருமுறை விரலை வைத்தார். போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் என்னை 'நீ' என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைத்திராத மனிதர், வேலையிடத்தில் பெரியவர்கள்முன் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"மேஸ்திரி, அந்த மூணாவது கட்டில மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க."